பழைய படங்களை ஓட்டுற டிவி, ஓடிடிக்காரங்களுக்கு: ஃப்ரேம்ல கை வைக்காதீங்க

வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா பொண்ணோட உக்காந்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ பாத்தேன், 1965ல பி.ஆர்.பந்துலு எடுத்த எம்ஜிஆர் படம். அவளுக்கு 11 வயசு, அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சு போயிடுவான்னு நெனச்சேன், போகல. காயம்பட்ட புரட்சிக்காரங்களுக்கு வைத்தியம் பாத்ததுக்காக வைத்தியர் மணிமாறனை (எம்ஜிஆர்தான்) அடிமையாக்கி கன்னித்தீவுக்கு அனுப்புறாங்கல்ல, அங்க திரும்பி என்னைப் பாத்து "டாக்டர்னா யாரா இருந்தாலும் பாக்கணும்தானே மாமா, அவர் மேல என்ன தப்பு?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் அவ படத்தை விடல.

எல்லாமே இன்னைக்கும் நிக்குதுன்னு சொல்ல மாட்டேன். காதல் காட்சி ஜவ்வா இழுக்குது, அங்கங்க செட்டுன்னு பளிச்சுன்னு தெரியுது. ஆனா எம்ஜிஆரும் நம்பியாரும் பேசிக்கிட்டே வாள் சண்டை போடுற இடம் இருக்கே, அதுக்கு வயசே ஆகல. இப்ப வர்ற சண்டையில செகண்டுக்கு ஒரு கட், யாரு யாரை அடிச்சாங்கன்னே தெரியாது. இதுல ரெண்டு ஆளும் முழுசா தெரியுறாங்க, கால் எடுத்து வைக்கிறது, பின்வாங்குறது, வாள் போற திசை எல்லாம் கண்ணால பாத்து புரிஞ்சுக்கலாம், வசனமும் வாள்வீச்சும் ஒரே தாளத்துல போகும்.

இதைத்தான் நீங்க கெடுக்குறீங்க. இதே படத்தை முன்னாடி ஒரு சேனல்ல பாத்தப்ப டிவி முழுக்க ரொப்பணும்னு மேலயும் கீழயும் வெட்டியிருந்தாங்க, எம்ஜிஆருக்கு முழங்காலுக்கு கீழ ஒண்ணுமில்ல, ஓங்குன வாளோட நுனி மேல காணாம போச்சு. 4:3ல, அதாவது அகலம் கம்மியா எடுத்த பழைய படத்தை இப்ப இருக்கிற அகல டிவியோட 16:9 அளவுக்கு அப்படி வெட்டுனா கால்வாசி படம் போயிடுது, வெட்டாம இழுத்தா எல்லார் மூஞ்சியும் அகலமாயிடுது. நாங்க ஞாயித்துக்கிழமை பாத்தது என்கிட்ட இருந்த பழைய டிவிடி, ரெண்டு பக்கமும் கருப்பு பட்டை, அதைப் பத்தி அந்த புள்ள ஒரு வார்த்தை கேக்கல.

பாட்டையும் வெட்டுறீங்க. ‘ஏன் என்ற கேள்வி’ அடிமைங்க நடுவுல வர்ற பாட்டு, அது போனா கதையில ஒரு துண்டே போகுது. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசைங்க அது, விளம்பரத்துக்கு இடம் வேணும்னு தூக்குற சமாச்சாரமா?

பழசை யார் பாப்பான்னு சொல்லாதீங்க. 2014ல டிஜிட்டல்ல புதுப்பிச்சு விட்டப்ப சென்னையில வெள்ளிவிழா கொண்டாடுச்சு இந்தப் படம். உங்ககிட்ட இருக்கிற பழைய படங்களை எடுத்த அளவுலயே, பாட்டு வெட்டாம போடுங்க, ஓரத்துல கருப்பு பட்டை இருந்துட்டு போகட்டும். அடுத்து அவளுக்கு ‘நாடோடி மன்னன்’ காட்டலாம்னு இருக்கேன், அதுக்கு என்கிட்ட டிவிடி இல்ல, உங்களைத்தான் நம்பியிருக்கேன்.