என் வங்கிப் புத்தகத்தில் இருப்பது என் காசு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற அஸ்வெசும கொடுப்பனவு யாருக்குக் கிடைத்தது, யாருக்கு விடுபட்டது என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த விண்ணப்பத்தோடு நாங்கள் கொடுக்கிற வங்கிப் புத்தகக் கொப்பிகளைப் பற்றி யாரும் எழுதி நான் காணவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. வன்னியில், விசுவமடுவில் அம்மாவோடும் படிக்கிற இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடம் தையல் வேலை செய்தேன். ஓடர் குறைந்து ஆட்களை நிறுத்தியபோது என் பெயரும் அதில் இருந்தது. எங்கள் நாட்டில் வேலை போனவருக்கென்று மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கிற காசு ஒன்றும் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியத்தைப் பெண்கள் முழுதாக எடுக்க 50 வயது ஆக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் முதலாளி போட்ட 3 வீதம் கைக்கு வந்தது. அம்மாவின் மருந்துச் செலவும் கடைக் கணக்கும் தீர்ந்ததோடு அதுவும் தீர்ந்தது. மிச்சம் இருந்த வழி அஸ்வெசும ஒன்றுதான்.

அதற்காகப் போன இடத்தில், ஆறு மாத வரவு செலவு தெரிகிற மாதிரி எல்லாப் பக்கமும் கொப்பி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்த உத்தியோகத்தர் சின்னப் பெடியன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் தெரிந்த முகங்கள்.

"அக்கா, இந்த அறுபதாயிரம் ஆர் போட்டது?"

"தம்பி, அது கோயில் காசு."

"வெளிநாட்டில இருந்தோ?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்த்து அனுப்பிய உபயக் காசு அது. வந்த மூன்றாம் நாளே எடுத்து, அரிசிக்கும் தேங்காய்க்கும் கொடுத்தாயிற்று. எடுத்த வரியும் அதே பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்களின் காதில் விழுந்தது அறுபதாயிரமும் வெளிநாடும் மட்டும். அன்று பின்னேரமே ஒருவர் கைமாற்றுக் கேட்டு வந்தார். இல்லை என்றபோது, "வெளிநாட்டுக் காசு வருதாமே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அவர் என்னோடு கதைப்பதில்லை.

எங்கள் ஊர்களில் ஒரு வங்கிப் புத்தகம் பல வீடுகளுக்குப் பொதுவாக இருக்கும். பஸ் ஏறி வங்கிக்குப் போக முடியாத கிழவிக்கு மகன் அனுப்புவது என் கணக்குக்கு வரும். பக்கத்து வளவு அக்காவின் அடையாள அட்டை தொலைந்து புதியது வரும்வரை, அவவின் மகள் சவூதியில் உழைத்த காசு என் கணக்கில்தான் விழுந்தது. நான் சீட்டும் பிடிக்கிறேன். பத்துப் பேரின் காசு ஒரு நாள் என் கணக்கில் நின்று மறுநாள் போய்விடும். இவர்களில் ஒருவரும் அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்து எனக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாருடைய பெயரும் தொகையும் என் விண்ணப்பக் கோவைக்குள் போய்விட்டது. என் கணக்கைக் காட்ட நான் சம்மதித்தேன். அவர்களுடையதைக் காட்டச் சம்மதம் சொல்ல நான் யார்?

இது வன்னியில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. என் தம்பி லண்டனில் இருக்கிறான். அவனுக்கும் வேலை போய், அங்கே யுனிவர்சல் கிரெடிட் என்கிற கொடுப்பனவில் கொஞ்சக் காலம் இருந்தான். 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் அது கிடைக்காது என்பது அங்கத்தைய விதி. அதைச் சரிபார்க்க நான்கு மாத வங்கி அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அதில் அம்மாவின் மருந்துக்கென்று எனக்கு அனுப்பிய 25,000 ரூபாயும் இருந்தது. இது யாருக்கு, ஏன் அனுப்பினாய் என்று அவனைக் கேட்டார்களாம். அதே 25,000 ரூபாயைக் காட்டித்தான் இங்கே என்னையும் கேட்டார்கள், யார் அனுப்பினார்கள் என்று. அம்மாவின் மருந்துக் காசுக்கு அக்காவும் தம்பியும் இரண்டு நாட்டில் இருந்து விளக்கம் சொன்னோம். தம்பி தொலைபேசியில் இதைச் சொன்னபோது இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. வேலை இருந்த காலத்தில் எங்களை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

சரிபார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 இல் முதல் பட்டியல் வந்தபோது எங்கள் பக்கத்தில் எவ்வளவு கொதிப்பு இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கல்வீடும் வாகனமும் உள்ளவருக்குக் கிடைத்து, கொட்டிலில் இருக்கிற விதவைக்கு விடுபட்டது என்று ஊர் ஊராகக் கதை இருந்தது. நான்கு படிகளில் மிக வறியவர்களுக்கான படிக்கு 2025 முதல் மாதம் 17,500 ரூபாய். அந்தக் காசு உண்மையாகக் கஷ்டப்படுகிறவருக்குப் போக வேண்டும், அதற்குப் பரிசோதனை வேண்டும். ஆனால் அஸ்வெசும பார்ப்பது 22 குறிகாட்டிகள். வீடு எப்படி, காணி எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு பாவிக்கிறோம், வீட்டில் நோயாளி உண்டா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று போகும். பொங்கலுக்கு உபயம் போட்டவரின் பெயர் இதில் எந்தக் கேள்விக்கு விடை?

இதோடு இன்னொரு சங்கடம் உண்டு. பட்டியல் வெளியானதும் யாரும் யாருக்கு எதிராகவும் ஆட்சேபனை கொடுக்கலாம். அந்த வசதி தேவைதான். ஆனால் மேசையில் உரத்துக் கேட்ட ஒரு கேள்வி, வரிசையில் நின்ற ஒருவரின் கையில் ஆட்சேபனைக் கடிதமாக மாற எவ்வளவு நேரம் எடுக்கும்?

வன்னியில் இந்தக் கேள்விக்கு இருக்கிற பாரத்தையும் சொல்ல வேண்டும். 2009 இல் யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் நாங்கள் எத்தனை தரம் பதியப்பட்டோம் என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கொப்பிகள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை: வெளிநாட்டில் ஆர் இருக்கினம்? எழுதிக்கொண்டு போனவர்கள் அதை எங்கே வைத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. முகாம் 2012 இல் மூடப்பட்டது. அம்மாவுக்கு இன்னும் மூடவில்லை. படிவத்தோடு யாராவது படலைக்கு வந்தால் தம்பியின் படத்தைச் சுவரில் இருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுவா. அந்த மேசையில் இருந்த பெடியனுக்கு அப்போது பத்து வயதும் இருந்திராது. அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். சத்தமாகக் கேட்கக் கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கொப்பிகள் பிறகு எங்கே போகின்றன என்ற கவலைக்கும் காரணம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் திருவிழாவில் மகனுக்குக் கச்சான் வாங்கினேன். சுருளை விரித்துப் பார்த்தால் யாரோ ஒரு பெண்ணின் ஏதோ விண்ணப்பத்தின் கொப்பி. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் தெளிவாக இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். என் பக்கங்களும் ஒரு நாள் அப்படி ஒரு சுருளாக வந்தால் அடுப்பில் போட யார் இருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வங்கி ஊழியர் வெளியில் சொல்லக் கூடாது என்று வங்கித் தொழில் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அது 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம். வங்கிக் கண்ணாடிக்குள் அவ்வளவு பாதுகாப்பாக இருக்கிற அதே வரிகள், போட்டோகொப்பிக் கடைக்கு வந்தவுடன் சாதாரணக் கடுதாசியாகிவிடுகின்றன. 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காகத் தகவல் எடுக்கிறீர்களோ அதற்குத் தேவையான அளவே எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. 2025 மார்ச்சில் முழுதாக நடைமுறைக்கு வர இருந்தது, தள்ளிப்போய்விட்டது. சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை அலுவலகங்கள் தாமாகவே செய்யக்கூடியவை இருக்கின்றன.

மாத முடிவில் கணக்கில் எவ்வளவு மீதி இருந்தது என்று வங்கி ஒரு பக்கத்தில் கடிதம் தரலாம். அந்த ஒரு பக்கத்தை ஏற்றுக்கொண்டால் கொப்பியே தேவையில்லை. அதற்கான கட்டணத்தை விண்ணப்பதாரரிடம் வாங்காமல் விட்டால் இன்னும் நல்லது. புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பார்த்துவிட்டுக் கையில் திருப்பித் தரட்டும். கொப்பி வேண்டும் என்றால் அனுப்பியவரின் பெயரை மறைத்து எடுக்க விடட்டும், எப்போது அழிப்பார்கள் என்று எழுதித் தரட்டும். காசைப் பற்றிய கேள்விகளை வரிசையில் இருந்து தள்ளி ஒரு கதிரை போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கட்டும். கதிரைக்குச் சுற்றறிக்கை ஒன்றும் தேவையில்லை.

என் விண்ணப்பம் தொடர்பாக இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை வங்கியில் மீதிக் கடிதம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பழைய கொப்பிகளைத் திருப்பித் தரும்படி கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். வாங்குகிறார்களா இல்லையா என்று உங்களுக்கு அறிவிக்கிறேன். என் பெயரைத் தயவுசெய்து போட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
விசுவமடு.