மாம்பழம் வருவதற்கு முன் கலனை எழுப்புங்கள்

கிருஷ்ணகிரி மாவட்ட மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் காவேரிப்பட்டணம் பக்கத்துக்காரன். வெளிமாவட்டத்தில் ஓர் எரிசாராய ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் பல வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். போன சீசனில் ஒரு கூழ் ஆலையைத் தாண்டிப் போகும்போது வந்த நாற்றத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். பழம் அழுகிய நாற்றம் இல்லை அது. மீத்தேன் கலன் புளித்துப்போன நாற்றம். கழிவுநீரை நுண்ணுயிர்கள் தின்று மீத்தேன் எரிவாயு விடும் மூடிய தொட்டியைத்தான் கலன் என்கிறேன்.

எரிசாராயம் ஒரு லிட்டர் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை ஸ்பென்ட் வாஷ் என்ற கழிவுநீர் வரும். கொதிக்கக் கொதிக்க, கஷாய நிறத்தில். அதன் சிஓடி, அதாவது கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் கணக்கில் சொல்லும் கழிவின் கனம், லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராமைத் தொடும். இவ்வளவு கனமான கழிவைக் காற்றடித்தே சுத்தம் செய்வதென்றால் கரண்ட் பில் கட்டுபடியாகாது. அதனால்தான் முதலில் காற்றுப் புகாத கலனுக்கு அனுப்புகிறோம். அங்கே ஒரு கிலோ சிஓடி கரைந்தால் சுமார் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும், பாய்லரில் எரிக்கலாம். நிறம் மட்டும் போகாது, மிச்சத்துக்கு அப்புறம் வேறு சுத்திகரிப்பு வேண்டும்.

கலனுக்குள் இரண்டு நுண்ணுயிர்க் கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று சர்க்கரையை அமிலமாக்கும். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும். முதல் கூட்டம் மணிக்கணக்கில் பெருகும், இரண்டாவது பெருக நாள்கணக்காகும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 6.5-க்குக் கீழே போனால் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) இரண்டாவது கூட்டம் சோர்ந்துவிடும், அமிலம் தேங்கிக்கொண்டே போகும்.

எங்கள் ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த கலனில், உற்பத்தி அவசரம் என்று முதல் நாளே முழு லோடு ஏற்றச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான்காம் நாள் கேஸ் எரியவில்லை. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினோம், டேங்கர் டேங்கராகச் சாணிக் கரைசல் ஊற்றினோம். பழைய நிலைக்கு வர இரண்டு மாதம் ஆனது.

எங்களுக்காவது வருடத்தில் பெரும்பகுதி ஓட்டம் இருந்தது. உங்களுக்கு மே முதல் ஜூலை வரைதான். இரண்டு மாதம் போனால் சீசனே போச்சு. பெங்களூரா மாம்பழ லாரிகள் வாசலில் வரிசை கட்டிய பிறகு பட்டினியில் கிடக்கும் கலனுக்கு மொத்தக் கழிவையும் ஊற்றினால் அது புளிக்காமல் என்ன செய்யும்?

தயவுசெய்து ஏப்ரல் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பியுங்கள். கலனில் நுண்ணுயிர்கள் வாழும் கறுப்புச் சேறு குறைவாக இருந்தால், நன்றாக ஓடும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கலனிலிருந்து வாங்கி ஊற்றுங்கள். சேலம், தர்மபுரிப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். பழம் வரும்வரை வெல்லக் கரைசலைத் தீவனமாகக் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். யூரியாவும் சிறிது வேண்டும், வெல்லத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. பிஎச்சை மட்டும் நம்ப வேண்டாம், அது இறங்குவதற்குள் கெடுதல் நடந்துவிடும். அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தினமும் பாருங்கள். 0.3-க்குள் இருந்தால் சரி, 0.5-ஐ நெருங்கினால் அன்றைய தீவனத்தைப் பாதியாக்குங்கள்.

சீசன் முடிந்ததும் கலனைக் கழுவிக் காலி செய்துவிடாதீர்கள். அந்தக் கறுப்புச் சேறு பல மாதம் பசி தாங்கும். மூடி வைத்தால் அடுத்த ஏப்ரலில் பாதி வேலை மிச்சம்.

உங்கள் ஆபரேட்டர்களுக்கு அந்த விகிதம் பார்க்கும் சோதனையைக் கற்றுக்கொடுக்க நான் வருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கலன் ஆபரேட்டர் ஒருவர்