ரசிகர்களின் கோபத்தைத் தரம் பிரித்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிபிசி தயாரிக்கும் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரின் ரசிகர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நாயகன் மாறும்போதெல்லாம் கொதித்தெழுகிற, புதியது எதையும் ஏற்க மறுக்கிற கூட்டம் என்று அவர்கள் அனைவரையும் அக்கட்டுரை ஒரே தட்டில் வைத்துவிட்டது. இத்தொடரைப் பல ஆண்டுகளாக ஆர்வத்துடன் பார்த்துவருகிறவள் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போனவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1963 நவம்பர் 23 அன்று, இத்தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. அதை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காலத்தில் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசியான ‘டாக்டர்’தான் இத்தொடரின் நாயகன். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் விலக நேர்ந்தபோது, டாக்டர் உடல் தளர்ந்து வேறொரு உருவத்தில் புதுப்பிறவி எடுக்கிறார் என்று கதையமைத்து, பேட்ரிக் டிரௌட்டனை அந்த இடத்தில் கொண்டுவந்தார்கள். ரசிகர்களின் அதிருப்தி அன்றே தொடங்கிவிட்டது. டிரௌட்டனின் முதல் கதையான ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ பற்றி பிபிசி நடத்திய நேயர் கருத்தறிதலில், அறிவாளியாக இருந்த டாக்டரைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்ற மனக்குறை பதிவாகியிருக்கிறது. இன்று அவரை மிகச் சிறந்த டாக்டர்களில் ஒருவராகக் கொண்டாடாத ரசிகர் அரிது.

அதே கதைக்குப் பின்னர் நேர்ந்த கதியைத்தான் தங்கள் கட்டுரையாளர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். வீடியோ நாடாவின் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு நடிகர்களுடனான ஒப்பந்தம் இடந்தரவில்லை, வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளைப் படங்களை யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. இவை எல்லாம் சேர்ந்து, அறுபதுகளில் எடுக்கப்பட்ட பகுதிகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. அவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படச்சுருள் இன்றளவும் கிடைக்கவில்லை. ஆனால் அவை ஒவ்வொன்றின் ஒலியும் நம்மிடம் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன் மைக்கை வைத்து, வாராவாரம் டேப் ரெக்கார்டரில் பதிவுசெய்து, அந்த நாடாக்களைப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்தியிருந்தவர்கள் ரசிகர்களே. அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஒரு பகுதிகூட முழுமையாக எஞ்சாத ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ கதையை 2016இல் பிபிசி அனிமேஷனாக வெளியிட்டபோது அடித்தளமாக அமைந்தது அந்த ஒலிப்பதிவுதான். தயாரித்த நிறுவனமே கைவிட்டதைக் காப்பாற்றித் தந்தவர்களை வெறும் கூச்சல் கூட்டம் என்று எழுதுவது நியாயமாகாது.

2017 ஜூலையில் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக அறிவிக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பைக் கட்டுரை விரிவாகக் குறிப்பிடுகிறது. அந்த எதிர்ப்பில் பெரும்பகுதி அவர் நடித்த ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் எழுந்தது என்பதால், அதை விமர்சனம் என்று நான் ஏற்கவில்லை. சிறுவர்களுக்கான ஒரு முன்மாதிரி போய்விடுகிறதே என்று முன்னாள் டாக்டர் பீட்டர் டேவிசன் வருந்தியதும், அது சரியல்ல என்று மற்றொரு முன்னாள் டாக்டரான கோலின் பேக்கர் மறுத்ததும் நாகரிகமாக நடந்த கருத்து மோதல். ஒரு நடிகையைப் பெண் என்பதற்காகவே இழிவுபடுத்தியதை அதனுடன் சேர்த்துப் பேசக் கூடாது.

ஆனால் அதே காலத்தில் கதைகளைப் பற்றி எழுந்த கோபம் வேறு வகையானது. 2020 மார்ச் 1 அன்று ஒளிபரப்பான ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ பகுதி, ஹார்ட்னெல்லுக்கு முன்பே டாக்டருக்குப் பல பிறவிகள் இருந்தன, அவற்றின் நினைவு அழிக்கப்பட்டுவிட்டது, அவருடைய இனத்துக்கே மறுபிறவி ஆற்றல் அவரிடமிருந்துதான் வந்தது என்றெல்லாம் சொன்னது. தன் உலகத்தின் போக்குப் பிடிக்காமல் ஒரு பழைய காலயந்திரத்தைத் திருடிக்கொண்டு ஓடிவந்த சாதாரண ஆள், அறிவாலும் இரக்கத்தாலும் மட்டுமே உயர்ந்து நிற்கிறார் என்பதுதான் இத்தொடரின் அழகு. அவரைப் பிறப்பாலேயே தனிச்சிறப்புடையவராக ஆக்கியது அந்த அழகைச் சிதைத்துவிட்டது என்று ரசிகர்கள் வாதிட்டார்கள். நானும் அவர்கள் பக்கமே. அப்படி வாதிட்டவர்களில் விட்டேக்கரின் நடிப்பை மனமாரப் பாராட்டியவர்கள் ஏராளம். இந்தியப் பிரிவினையின்போது ஒரு குடும்பம் சிதறியதை 2018இல் ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ பகுதியில் காட்டியதும் இதே குழுவினர்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை. வினய் படேல் எழுதிய அப்பகுதியை நான் பார்த்துக் கண்கலங்கினேன்.

‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ கதையை எழுதிய கிறிஸ் சிப்னல், 1986இல் பதின்வயது ரசிகராக பிபிசியின் ‘ஓப்பன் ஏர்’ நிகழ்ச்சியில் தோன்றி, அப்போதைய கதை புதுமையற்றது, நடைகூடங்களில் ஓடுவதும் அசட்டு அரக்கர்களுமாக இருக்கிறது என்று எழுத்தாளர்களிடமே முறையிட்டவர். அந்த இளைஞரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1989இல் நிறுத்தப்பட்ட தொடரை 2005இல் மீட்டெடுத்த ரஸ்ஸல் டி டேவிஸும் சிறுவயது முதலே ரசிகர். பீட்டர் கபால்டியோ பதினைந்து வயதில் இத்தொடரைப் பற்றி ‘ரேடியோ டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதம் 1974இல் அச்சாகி, பிற்காலத்தில் அவரே டாக்டராக நடித்தார். ரசிகர்களின் அதிருப்தியும் ஆசையும்தான் இத்தொடருக்கு அடுத்த தலைமுறைப் படைப்பாளிகளைத் தந்திருக்கின்றன.

2025 மே 31 அன்று ஷூட்டி காட்வாவின் டாக்டர், முன்பு டாக்டரின் பயணத் தோழி ரோஸ் டைலராக நடித்த பில்லி பைப்பரின் முகத்துடன் உருமாறியதைக் கண்டு எழுந்த சலசலப்பையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். பழைய முகத்தை அழைத்துவருவது புதிய டாக்டருக்கு இழைக்கும் அநீதி என்றவர்கள் கதையைப் பற்றிப் பேசினார்கள். காட்வாவின் நிறத்தைச் சொல்லி ஏசியவர்களுக்குக் கதையைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இத்தொடரைப் பற்றித் தங்கள் நாளிதழ் மேலும் எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். அவ்வாறு எழுதும்போது, ரசிகர்கள் சினந்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், எந்தப் பகுதியில் எதைக் குறையாகக் கண்டார்கள், அதற்கு என்ன காரணம் கூறினார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தனிமனிதரை ஏசுவதற்கு இடமளிக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி