முழு வண்டி வேண்டாம், இன்ஜினை மட்டும் கொண்டு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆர்.டி.350, ஆர்.எக்ஸ்.100, ஷோகன், முதல் வரிசை சி.பி.இசட்., கரிஸ்மா போன்ற பழைய பைக்குகளை இனி முழு வண்டியாக நம் பட்டறையில் எடுத்துக்கொள்வதில்லை. பிரிப்பது, துடைப்பது, துரு எடுப்பது, திரும்பப் பூட்டுவது எல்லாம் உங்கள் வீட்டில் நடக்கட்டும். மெஷின் இல்லாமல் செய்ய முடியாத வேலைகளை மட்டும் எங்களிடம் கொடுங்கள். இடம் போதவில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் உங்கள் பணம். வண்டியை நிறுத்திவிட்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறீர்கள். அடுத்த விசேஷத்துக்கு வரும்போது பில்லைப் பார்த்து மலைக்கிறீர்கள். அதில் பாதிக்கு மேல் கழற்றி மாட்டிய கூலி. உங்கள் வீட்டில் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படும் தம்பி ஒருவன் கட்டாயம் இருப்பான். அந்தக் கூலி மிச்சம்.

பெரும்பாலும் வண்டி பின்கட்டில் சாக்கு போர்த்தி வருஷக்கணக்காக நின்றிருக்கும். வந்ததும் கிக்கரை மிதிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும்போது காலால் ஓங்கி மிதித்தால் ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறிவிடும். ஜப்பான் வழி வண்டிகளின் ஸ்டார் திருகுகளுக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் சரியாக உட்காராது, தலை வழுக்கித் தேய்ந்துபோகும். சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள், குறிப்பாக வயரிங் போகும் வழியை.

இடம் பற்றி ஒரு வார்த்தை. பட்டாலை மண்டபத்திலும் வளவு முற்றத்திலும் ஆத்தங்குடிக் கல் மேல் வைத்து வேலை பார்க்காதீர்கள். அது சிமென்ட் கல், எண்ணெயைக் குடித்துவிடும். ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதோடு முடியாது, கறை நிரந்தரமாக நிற்கும். பின்கட்டில் கருங்கல் பாவிய இடம் போதும்.

அடுத்தது டேங்க். துருப்பிடித்த டேங்கோடு வருகிறவர்களில் பலர் புது டேங்க் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் ஊர் நம் காரைக்குடி. அந்த மின்வேதியியலின் எளிய பாடம் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். முதலில் பழைய பெட்ரோலைக் கொட்டி, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, வாடை அறவே போகட்டும். டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். தண்ணீரில் ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவை சோடா கரைத்து டேங்கை நிரப்புங்கள். சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை டேங்க் சுவரில் எங்கும் படாமல் வாய் வழியாகத் தொங்க விட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ்ஸைக் கம்பியிலும் மைனஸ்ஸை டேங்கிலும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் டேங்க்தான் கரையும். கம்பியைச் சுற்றி நுரை கட்டும், சில மணி நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகும். அப்போது வெளியேறுவது ஹைட்ரஜன் வாயு. ஆகவே இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது, கம்பியைத் தொடுமுன் சார்ஜரை அணைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடவே வேண்டாம், அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். முடிந்ததும் அலசி உடனே வெயிலில் காய வைத்து, உள்ளே 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கொஞ்சம் விட்டுக் குலுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே மெல்லிய துரு படரும்.

இனி எங்கள் பங்கு. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைவது), கிராங்க் பிரித்து கனெக்டிங் ராடு மாற்றுவது, சக்கரக் கோட்டம் எடுப்பது, பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் வந்தால் பிஸ்டனைவிட கிராங்க் ஆயில் சீலைத்தான் முதலில் பார்ப்போம். ஆர்.டி.யில் இடது பக்கம், அதாவது மேக்னட் பக்கத்து சீல் தேய்ந்தால் இன்ஜின் வெளிக்காற்றை இழுக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும். சீல் மாற்றாமல் புது பிஸ்டன் போட்டுத் தரச் சொன்னால் செய்ய மாட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோல் பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதுவும் கலவையை வறளச் செய்யும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். அதனால் பெட்ரோல் டியூபும் கார்பரேட்டர் ரப்பர்களும் புதிதாகப் போட்டு, மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் துளையை) ஒரு சைஸ் ஏற்றித்தான் தருவோம். வண்டியில் பூட்டி ஓட்டிய பிறகு பிளக் முனை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறதென்றால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

மேம்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், பெரிய கார்பரேட்டர், அலாய் வீல் என்று பட்டியல் வரும். அதில் பிரேக் இருப்பதில்லை. ஆர்.டி.350 என்று நாம் சொல்லும், 1983-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே இறக்கிய ராஜ்தூத் 350-க்கு 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஹைடார்க் மாடலில் 30.5 குதிரைத்திறன். அன்றைய 350 புல்லட்டுக்கு 18தான். ஜப்பானில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் கொடுத்த வண்டிக்கு இங்கே டிரம். அந்த டிரம்மில் இறுகிப்போன பழைய லைனிங்கை வைத்துக்கொண்டு இன்னும் வேகம் கேட்டால் நாங்கள் என்ன சொல்ல? லைனிங் புதிதாக ஒட்டி, டிரம்மின் வளைவுக்கு ஷூவைத் தேய்த்து, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி அவற்றை இணைக்கும் கம்பியைச் சரிசெய்தாலே பிரேக் நன்றாகப் பிடிக்கும். பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். டயரில் கோடு தேயவில்லை என்று காட்டுகிறவர்களுக்கு: பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 1209 என்றால் 2009-இன் 12-ஆவது வாரம். அந்த ரப்பர் கல்லாகியிருக்கும். பழைய இக்னிஷன் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்ல செலவு. பிரேக், டயர், வயரிங் மூன்றும் முடிந்த பிறகு மற்ற ஆசைகளைப் பேசலாம். ஆனால் சைலன்சர் சத்தம் கூட்டும் வேலை எங்களிடம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நிறம் மாற்றினால் அதையும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏற்ற வேண்டும்.

சரி, இன்ஜினைக் கொண்டுவரும்போது ஆர்.சி. நகலும் கூடவே வரட்டும். இன்ஜின் நம்பரை அதோடு ஒத்துப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க மாட்டோம். ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள், வண்டியை நேரில் காட்ட வேண்டியிருக்கும். அப்புறம், ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறி பெயிண்ட் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே கார்த்திகை முடியும்வரை பெயிண்ட் வேலை எடுப்பதில்லை. பொங்கலுக்கு வண்டி ஓட வேண்டும் என்றால் டேங்கையும் சைடு கவர்களையும் புரட்டாசிக்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து,
காரைக்குடி