நாற்பது கட்டு அல்பா

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு வணிகப் பக்கத்தில், ஒரு கம்பனியின் சரக்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்கும் ஈஆர்பி மென்பொருள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நாலு நாட்டில் வியாபாரம் செய்யும் முதலாளி காலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டினால், எந்த ஊரில் எவ்வளவு சரக்கு, எவ்வளவு காசு என்று எல்லாம் திரையில் வந்து நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். வந்து நிற்கும்தான். எங்கள் முதலாளிக்கும் ஒரு நாள் வந்து நின்றது: நாற்பது கட்டு அல்பா, அதாவது கறுவாவில் விலை கூடிய தரம். அதில் முப்பத்தொரு கட்டு அல்பாவே இல்லை.

நான் புறக்கோட்டையில் வாசனைத் திரவிய ஏற்றுமதிக் கந்தோர் ஒன்றில் இருபத்தெட்டு வருசமாகக் கணக்கப்பிள்ளை. விசிட்டிங் கார்டில் ‘பிரதம கணக்காளர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். தெருவில் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. கறுவா, மிளகு, கராம்பு வாங்கித் தரம் பிரித்து அனுப்புகிறோம். டுபாய் டேராவில் எங்களுக்கு ஒரு சகோதரக் கம்பனி, சென்னையில் சின்னதாய் ஒரு கிளை, ஹம்பேர்க்கிலும் மெக்சிகோவிலும் வாடிக்கையாளர்கள். பெரிய கம்பனி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று ஊரும் சேர்த்து நாற்பத்திரண்டு பேர்.

மென்பொருளுக்கு எதிராக எழுத வந்தவன் இல்லை நான். அதை வாங்கச் சொல்லி முதலாளியை அரித்தெடுத்ததே நான்தான். 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயின் கட்டை அவிழ்த்துவிட்டது. அதுவரை 200 ரூபாய் சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பெப்ரவரியில் 20,000 டொலருக்கு ஓர் இன்வொய்ஸ் போட்டிருந்தோம். காசு மே மாதம் வந்தது. புத்தகத்தில் 40 இலட்சம், வங்கியில் விழுந்தது 72 இலட்சம். முதலாளி 32 இலட்சம் இலாபம் என்று பட்டிஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். “ஐயா, இது கறுவா விற்ற இலாபம் இல்லை, டொலர் ஏறின வித்தியாசம். இதே கறுவாவைத் திரும்ப வாங்கப் போனால் தோட்டக்காரர் இன்றைய விலைதான் சொல்லுவார்” என்றேன். பட்டிஸ் அவருக்குத் தொண்டையில் சிக்கியது.

எல்கேஏஎஸ் 21 என்ற கணக்கீட்டு நியமம் சொல்வதும் இதைத்தான். விற்ற நாளின் மாற்று வீதத்தில் விற்பனையைப் பதி. கணக்கு முடிக்கும் நாளில் வராமல் கிடக்கும் டொலரை அன்றைய வீதத்தில் பார். வித்தியாசத்தைத் தனி வரியில் காட்டு. கேட்க இலேசாக இருக்கும். அந்த மே மாதம் அறுபது இன்வொய்ஸுக்கு இதை எக்ஸெல்லில் செய்து, சென்னையிலிருந்து டாலி என்ற கணக்கு மென்பொருளில் வந்த கணக்கை இந்திய ரூபாயிலிருந்து மாற்றி, டுபாய்க் கணக்கையும் சேர்த்து முடிக்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. டுபாய் கொஞ்சம் புண்ணியம். திர்ஹம் டொலருக்கு 3.6725 என்று அசையாமல் கட்டுப்பட்டிருக்கிறது. நான் விடையோடு போனபோது டொலர் வேறு இடத்தில் நின்றது. இன்று அதே வேலையை மென்பொருள் ஓர் இரவில் முடித்து வைக்கிறது. காலையில் நான் சரிபார்த்தால் போதும்.

உங்கள் கட்டுரை தொடாத இன்னொரு விசயமும் இருக்கிறது. கொழும்பு டுபாய்க்கு விற்கிறது, டுபாய் ஹம்பேர்க்குக்கு விற்கிறது. இரண்டு கம்பனியின் விற்பனையையும் அப்படியே கூட்டினால் ஒரே கறுவாவை இரண்டு தரம் விற்றதாகிவிடும். கொழும்பு வைத்த இலாபத்தோடு டேராக் கிட்டங்கியில் விற்காமல் கிடக்கும் சரக்கு வேறு. வெளி ஆளுக்கு விற்கும்வரை குழுமத்துக்கு அது இலாபமே இல்லை. முன்பெல்லாம் மார்ச் 31 தாண்டினால் இதைக் கழித்தெடுக்கவே ஒரு கிழமை போகும். கணக்காய்வாளர் எதிரே உட்கார்ந்து பேனையை ஆட்டிக்கொண்டிருப்பார். இப்போது கொழும்பில் இன்வொய்ஸ் போட்ட அதே நொடி டுபாயில் கொள்வனவாகப் பதிவாகிறது. ஒன்றையொன்று அடையாளம் கண்டு, கூட்டும்போது தானே விலகிக்கொள்கிறது.

ஒரு முறை மிளகு விசயத்தில் ஹம்பேர்க்காரர் ஆய்வுகூட அறிக்கை ஒன்றை அனுப்பி, இந்த மூட்டைகள் எந்தத் தொகுதி, யாரிடம் வாங்கியது என்று கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 என்ற உணவுச் சட்டத்தின்படி அங்கே உணவு வியாபாரம் செய்கிறவர் சரக்கு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று காட்டியாக வேண்டும். அவருடைய சட்டம் எங்கள் தலையிலும் வந்து இறங்கும். தொகுதி இலக்கத்தைத் தட்டினேன். மாத்தளையில் இரண்டு பேர், வாங்கிய திகதி, ஈரப்பதம், நிறை எல்லாம் வந்தது. ஐந்து நிமிசம். பழைய காலமென்றால் மூன்று கொப்பியும் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமையின் ஞாபகமும் வேண்டும்.

ஏற்றுமதிக் காசு 180 நாளுக்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது மத்திய வங்கி விதி. 150ஆவது நாள் எனக்கு எச்சரிக்கை வருகிறது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனபோதும், 2025 ஒக்டோபரோடு ஏற்றுமதிக்காரருக்கிருந்த எஸ்வற் என்ற இலகு வற் முறை போனபோதும் கந்தோரில் யாரும் கால்குலேட்டரைத் தூக்கவில்லை. சுங்கத்தோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை: எங்கள் வார்ஃப் கிளார்க் எல்லாவற்றையும் திரும்பச் சுங்கத்தின் அசிகுடா என்ற கணனி முறையில் தட்டுகிறார். பிறகு, போயா தினம் என்றால் என்னவென்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. வங்கி பூட்டிய பௌர்ணமி நாளில் காசு கட்டச் சொல்லி நிற்கும். வருசா வருசம் எல்லாப் போயாவையும் நானே உள்ளே போடுகிறேன். 

இனி அந்த நாற்பது கட்டு.

எங்கள் கிட்டங்கிப் பொறுப்பாளரை எல்லோரும் மாமா என்போம். அறுபது வயது தாண்டியவர். கறுவாக் குச்சியை விரலிடுக்கில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் அல்பாவா, சி5ஆ, எம்4ஆ என்று சொல்லிவிடுவார். அல்பாதான் எல்லாவற்றிலும் மெல்லியது, ஆறு மில்லிமீற்றருக்கு மேல் போகாது, பென்சிலைவிட ஒல்லி, விலையும் அதற்குத்தான் கூட. மாமாவிடம் நீலமட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. ‘அ’ என்றால் அல்பா, வெறும் ‘5’ என்றால் சி5, பக்கத்தில் புள்ளி வைத்தால் ஈரம் காயவில்லை என்று அர்த்தம். இருபது வருசத்துக்கு மேல் அந்தக் கொப்பியில் ஒரு கட்டு பிழைத்து நான் பார்த்ததில்லை.

2023 ஏப்ரல் முதலாம் திகதி, புதுக் கணக்கு வருசத்தோடு மென்பொருள் தொடங்கியது. அதற்கு முந்திய கிழமை விற்ற கம்பனியிலிருந்து ஒரு பொடியன் வந்து கிட்டங்கிக்காரருக்கு அரை நாள் வகுப்பு எடுத்தான். பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். மாமா தலையாட்டினார். நானும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அது என்னுடைய பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், டேராவில் இருக்கும் எங்கள் விற்பனைக்காரத் தம்பி திரையில் நாற்பது கட்டு அல்பா சும்மா கிடப்பதைக் கண்டு ஹம்பேர்க்குக்கு விற்றுவிட்டான். அதற்குமேல் மனிதக் கை எதுவும் படவில்லை. மென்பொருள் கொழும்பில் சரக்கை ஒதுக்கியது, கொழும்பு–டுபாய் கொள்வனவைத் தானே எழுதியது, ஹம்பேர்க்குக்கு உறுதிக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியது. எல்லாம் தேநீர் ஆறுவதற்குள். கட்டுரையில் சொன்ன அதே வேகம்.

லொறி வந்த அன்று காலை மாமா கீழேயிருந்து கூப்பிட்டார். “பிள்ளை, அல்பா ஒன்பது கட்டுத்தானே கிடக்கு. நாப்பதுக்கு நான் எங்க போக?”

போய்ப் பார்த்தேன். ஒன்பதுதான். மிச்சம் சி5, கொஞ்சம் எம்4. கணனியில் எப்படி எல்லாம் அல்பாவாக ஏறியது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டை ஏற்றிக் காட்டச் சொன்னேன். கட்டைத் தராசில் வைத்தார், நிறையைத் தட்டினார். பொருள் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழுந்தது. ஆங்கில அகரவரிசை, முதலில் நிற்பது அல்பா. அவர் தயங்காமல் அதைத் தட்டினார்.

“மாமா, இது சி5 எல்லோ?”

“சி5தான். ஆனா எல்லாம் இங்கிலீசில கிடக்கு. முதல்ல நிக்கிறத தட்டினா அடுத்த பக்கம் போகுது. போனா வேலை முடிஞ்சுது தானே?”

அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. நீலக் கொப்பி மேசை லாச்சிக்குள் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். ‘அ’ ஒன்பது. அன்றைய திகதிவரை எல்லாம் சரி.

கரந்தெனியப் பக்கம் ஆள் அனுப்பி, கேட்ட விலைக்கு அல்பா வாங்கினோம். அந்தக் கப்பல் போய்விட்டது; அடுத்ததில் எட்டு நாள் பிந்திப் போனது. பழைய முறையில் இது நடந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். டுபாய்த் தம்பி முதலில் எனக்கு வாட்ஸ்அப்பில் கேட்பான், நான் மாமாவைக் கேட்பேன், மாமா எழும்பிப் போய்க் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவார். நேரம் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள் மூன்று பேர் யோசிப்பார்கள். அந்த மூன்று பேரையும் எடுத்துவிட்ட பிறகு, தராசடியில் தட்டும் அந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று நாட்டுக் கணக்கும் நிற்கிறது.

விற்ற கம்பனியிடம் தமிழில் பட்டியல் கேட்டோம். “தமிழ் எங்கள் பக்கேஜில் இல்லை, தனிக் கட்டணம்” என்றார்கள். தொகையைக் கேட்டு முதலாளி கதையை மாற்றினார். கடைசியில் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பொடியன் ஒருவன் இரண்டு இரவில் செய்து தந்தான். மென்பொருள் உள்ளே தமிழையும் காட்டும் யூனிகோட் எழுத்துமுறை முன்பே இருக்கிறதாம். திரையில் வரும் சொற்கள் ஒரு தனிக் கோப்பாம், மொழிபெயர்த்து ஏற்றினால் சரியாம். நாங்கள் யூனிகோட் இல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பழைய பெயர்ப் பட்டியல்தான் அவனை வதைத்தது. ஏற்றியபோது ஒவ்வொரு பெயரும் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தாக வந்து விழுந்தது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. தியாகராஜா என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எச் போட்டு எழுதுவார்கள், எச் இல்லாமல் எழுதுவார்கள், ஐ-க்குப் பதில் வை போட்டும் எழுதுவார்கள். எங்களுக்கு மிளகு தரும் ஒரே மனிதர் மென்பொருளில் மூன்று பேராக இருந்தார். முற்பணம் ஒருவர் கணக்கில், சரக்கு இன்னொருவர் கணக்கில். முற்பணம் கழிபடாமல் முழுக்காசும் போய்விட்டது. நல்ல மனிதர், தானே கொண்டுவந்து தந்தார். இப்போது அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் புதிய பெயர் ஏற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன்.

மாமாவின் திரையில் இப்போது முதல் வரி வெறுமையாக நிற்கும். தமிழில் அவரே சொன்ன பெயர்கள் கீழே வரும். ‘அல்பா – மெல்லிசு’ என்று ஒன்று. அவர் ஏற்றியதை இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் டுபாய்க்குத் தெரியும். முதல் மூன்று மாதம் சனிக்கிழமை தோறும் கொப்பியையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது மாதம் திரையில் ஒரு பிழையை மாமாவே கண்டுபிடித்தார். என்னுடையது.

கொழும்பு இந்தத் தொழிலில் பின்தங்கிய ஊர் இல்லை, ஆசிரியர் அவர்களே. சுவீடனில் 1983இல் தொடங்கிய ஐஎஃப்எஸ் என்ற ஈஆர்பிக் கம்பனிக்குக் கொழும்பில் பெரிய உருவாக்க நிலையம் இருக்கிறது. இங்கே பிறந்த மில்லேனியம் ஐரி என்ற மென்பொருள் கம்பனியை 2009இல் லண்டன் பங்குச் சந்தையே வாங்கிக்கொண்டது. உலகத்துக்கு மென்பொருள் எழுதும் ஊரில், புறக்கோட்டைக் கிட்டங்கிக்காரர் தன் மொழியில் ஒரு கட்டை ஏற்றப் பழக எங்கே போவார்? தொழில்நுட்பக் கல்லூரிகளும் வர்த்தக சம்மேளனங்களும் மாலைநேரத்தில் தமிழில் ஒரு வகுப்பு வைத்தால் என்ன? பட்டம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். தராசு, பட்டியல், தொகுதி இலக்கம், இவ்வளவுதான் பாடம். உங்கள் வணிகப் பக்கமும் முதலாளியின் பொத்தானைப் பற்றி எழுதிய அளவுக்கு இதையும் எழுதலாம்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடும் முன்பு விற்க வந்தவரைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பேசாதீர்கள். கிட்டங்கிக்கு இறக்கிக்கொண்டு போங்கள். அங்கே நிற்பவர் யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கட்டை ஏற்றட்டும். தமிழுக்கு எவ்வளவு என்பதையும் அன்றைக்கே விலைப்பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.

நான்காம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய் இறக்குமதி செய்யும் ஒருவர் இந்த மாதம் இப்படியொன்று வாங்கப் போகிறார்; வந்து பார்க்கச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை போகிறேன். மாமாவும் வருகிறார், நீலக் கொப்பியோடு.

இப்படிக்கு,
புறக்கோட்டைக் கணக்கப்பிள்ளை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.