டெக்சோமா ஏரியில் பச்சை விளக்கு தந்த அண்ணாவுக்கு நன்றி

டெக்சஸ், ஒக்லஹோமா எல்லையில் இருக்கிற டெக்சோமா ஏரிக்குச் சனிக்கிழமை ராத்திரி ஸ்ட்ரைப்பர்ங்கிற கோடு போட்ட மீன் பிடிக்க வந்திருந்த மதுரைப் பேச்சு அண்ணாவுக்கு நன்றி. பேர் சொல்லாமலே கிளம்பிட்டீங்க. யாராவது இதை அவர் கண்ணில் காட்டுங்க.

எங்க விளக்கு பேட்டரி உயிரை விட்டதும் நீங்களா படகை ஒட்டி நிறுத்தி, உங்க பச்சை விளக்கைத் தண்ணிக்குள்ள இறக்கினீங்க. முதல்ல தூசி மாதிரி நுண்ணுயிர்கள், அதைத் தின்ன ஷாட்ங்கிற சின்ன மீன் கூட்டம், வெள்ளித் தகடா சுத்திச் சுத்தி வந்துச்சு. "வெளிச்சத்து நடுவுல போடாத தம்பி, பெருசு எல்லாம் இருட்டு ஓரத்துல, அடியிலதான் நிக்கும்"னு சொல்லி, ஈயக்குண்டையும் நீங்களே மாத்திக் கட்டினீங்க. அப்புறம் ராடு வளைஞ்ச வளைவு இருக்கே!

கடல் மீனான ஸ்ட்ரைப்பர் ஏரியில எப்படின்னு மாமனார் குடைஞ்சதுக்கும் பொறுமையா பதில் சொன்னீங்க. 1944-ல் அணை முடிஞ்ச ஏரி, பின்னாடி கொண்டுவந்து விட்ட மீன். ரெட், வாஷிடா ஆறுகள்ல ஏறி முட்டை போடுது, ஓடுற தண்ணியில மிதந்தாதான் அது பொரியும்.

தோலுக்கடியில இருக்கிற சிவப்புச் சதையைச் சீவச் சொன்னீங்களே, சீவிட்டுதான் வறுத்தோம். கவிச்சியே இல்லை. மாமனார் மட்டும் சீலா மீனுக்கு ஈடாகாதுங்கிறார். தூத்துக்குடிக்காரர், வேற எப்படிச் சொல்வார்!