பழைய கட்டடத்தில் கை வைப்பதற்கு முன்

பல்கலைக்கழகக் கட்டடக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் வளாகத்தின் பழைய வேதியியல் கட்டடத்தை என்ன செய்வது என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இடித்துவிடுவதா, கணினி மையமாக்குவதா என்பதுதான் பேச்சாம். அங்கே படித்தவன், பின்னால் அங்கேயே பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிவெடுப்பதற்கு முன்னால், அந்தக் கட்டடம் இதுவரை எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதை அறை அறையாக எழுதி வாங்குங்கள்.

தரைத்தளத்தில் வடக்கு ஓரத்து அறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இப்போது அங்கே உடைந்த நாற்காலிகள்தான் கிடக்கின்றன. கதவில் பெயின்ட் உரிந்த இடத்தில், ‘இருப்பு அறை’ என்ற எழுத்துக்கு அடியில் ‘தேர்வுப் பிரிவு’ தெரியும். அதற்கும் அடியில் ‘ஆய்வுக்கூடம் 2’. உள்ளே சுவரோரம், இடுப்பு உயரத்தில், எரிவாயுக் குழாயின் அடைத்த முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். நான் மாணவனாக இருந்தபோது ஒவ்வொரு முனையிலும் ஒரு பர்னர் எரிந்தது. ஆசிரியராகத் திரும்பி வந்தபோது அதே இடத்தில் விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. குழாயை அடைத்தார்களே தவிர, அது எங்கே போகிறது என்று எந்த வரைபடத்திலும் குறித்து வைக்கவில்லை. ஒரு தடவை சுவரில் அலமாரி மாட்ட வந்தவர் நேராக அந்தக் குழாயிலேயே துளை போட்டுவிட்டார். நல்லவேளை, உள்ளே வாயு இல்லை.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1907 முதல் 1919 வரை இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு கதிரியக்க ஆய்வுகள் செய்த கட்டடம் பிற்காலத்தில் உளவியல் துறையின் கைக்கு வந்தது. அங்கே வேலை பார்த்த சிலருக்குப் புற்றுநோய் வந்ததும், தரைக்கடியில் என்ன மிச்சம் இருக்கிறதோ என்ற பயம் கிளம்பியது. பல்கலைக்கழகம் வெளி நிபுணர் ஒருவரைக் கொண்டு விசாரித்தது. பழைய கதிரியக்கமோ பாதரசமோ அந்த நோய்களுக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று 2009-ல் அறிக்கை வந்தது. சரி, நிம்மதிதான். ஆனால் ஒரு அறை கைமாறும்போதே அதன் கதையும் கைமாறியிருந்தால், அத்தனை பேர் அத்தனை காலம் பயந்திருக்க வேண்டியதில்லையே! நம் கட்டடத்திலும் எத்தனையோ தெர்மாமீட்டர்கள் உடைந்திருக்கின்றன. சிந்திய பாதரசம் தரை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே புது ஓடு பதித்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

கட்டடத்தை அப்படியே விடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. மாறி மாறிப் பயன்பட்டதால்தான் பல கட்டடங்கள் பிழைத்தன. அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் 1943-ல் ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாக ஒரு மரக்கட்டடம் எழுப்பினார்கள். பெயர்கூட வைக்கவில்லை, வெறும் ‘கட்டடம் 20’. போர் முடிந்ததும் பிரித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் 1998 வரை நின்றது. மொழியியல் துறை, மின்னணு ஆய்வகம், மாணவர்களின் மாதிரி ரயில் சங்கம் எல்லாமே அங்கே குடியிருந்தன. சுவரில் துளை போட்டு ஒயர் இழுக்க வேண்டுமா, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தற்காலிகக் கட்டடம்தானே என்று விட்டுவிட்டார்கள். அந்த தாராளம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் கட்டடம் கணினி மையமானால் அதிலும் கொஞ்சம் இடமாவது அப்படி மாணவர்கள் கையில் இருக்கட்டும்.

கரக்பூர் ஐஐடி தொடங்கிய கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1951-ல் வகுப்புகள் ஆரம்பித்தது ஆங்கிலேயர் காலத்தில் விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்த ஹிஜ்லி தடுப்பு முகாமாக இருந்த கட்டடத்தில். அங்கே 1931 செப்டம்பர் 16 அன்று போலீஸ் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இரண்டு கைதிகள் இறந்தார்கள். சிறை வகுப்பறையாகி, அப்புறம் அருங்காட்சியகமும் ஆனது. ஆனால் அது முகாமாக இருந்ததை ஒருநாளும் மறைக்கவில்லை. 1956-ல் நடந்த முதல் பட்டமளிப்பு விழாவில் பேசிய நேருவும் அதைத்தான் நினைவுபடுத்தினார்.

நம் கட்டடத்துக்கு அவ்வளவு பெரிய வரலாறு கிடையாது. அதனால்தான் அதை வேறு யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும். ஒரு நோட்டுப் போதும். எந்த ஆண்டு எந்த அறையில் என்ன நடந்தது, எந்தச் சுவரை எடுத்தார்கள், எந்தத் தொட்டியின் கழிவுநீர் எந்தக் குழிக்குப் போனது. பேராசிரியர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் பக்கத்திலேயேதான் இருக்கிறார். ஒவ்வொரு குழாயின் போக்கும் அவருக்கு மனப்பாடம். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவரை அழைத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். நானும் வருகிறேன். வடக்கு அறையின் சாவி இன்னும் தேர்வுப் பிரிவில்தான் தொங்குகிறது.

அன்புடன்,
ஆய்வுக்கூடம் 2-ன் பழைய மாணவன்